ஐந்து கிலோ மருந்து

சென்ற மாதம் நாகப்பட்டினத்தில் உறவினர் ஒருவரின் மணிவிழாவுக்குப் போயிருந்தேன். பந்தியில் இலை போட்டதும், வழக்கம்போல முதலில் உப்பை வைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி மகன் அந்தப் பொடியுப்பை விரலால் ஒதுக்கிவிட்டு, அயோடின் உப்பு என்பதே பெரிய நிறுவனங்கள் கூடிச் செய்த சதி என்றான். கடல் உப்பில் இயற்கையாகவே போதுமான அயோடின் இருக்கும்போது, அதை உணவுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது உப்பளக்காரர்களை ஒழிப்பதற்காகத்தான் என்றும் சொன்னான். எதிர்வரிசையில் இருந்த அக்கா மகள் மருத்துவம் படித்து முடித்தவள். அயோடின் இல்லாத உப்பை விற்கிறவர்கள் குழந்தைகளின் மூளையோடு விளையாடுகிறார்கள், அவர்களுக்காக இரக்கப்பட ஒன்றுமில்லை என்று அவள் பதில் சொன்னாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் தீர்ப்பு என்னிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2008-க்கு முன்னால் கேட்டிருந்தால், அக்கா மகள் பக்கம் நின்று அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவள் சொன்ன அறிவியலில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தம்பி மகன் சொன்னதில் பெரும்பகுதி தவறு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் அவன் குரலில் இருந்த கோபத்துக்கு ஒரு நியாயமான ஊற்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஊற்றை எனக்குக் காட்டியவர் அகஸ்தியம்பள்ளியில் மூன்று ஏக்கர் உப்பளம் வைத்திருந்த என் தாய்மாமா. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இத்தனை ஆண்டுகளாகியும் நான் விடை சொல்லவில்லை.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் அளங்களைப் பார்த்தவர்களுக்கு அது வெயிலும் தண்ணீரும் தானாகச் செய்துவிடுகிற வேலையாகத் தோன்றும். பள்ளி விடுமுறைகளில் மாமாவோடு வரப்பில் நடந்துதான் அது எவ்வளவு நுணுக்கமான தொழில் என்று நான் தெரிந்துகொண்டேன். வாய்க்கால் வழியே வரும் கடல்நீர் முதலில் பெரிய தேக்கங்களில் நின்று காய வேண்டும். அடர்த்தி அளக்கும் குழலில் 3 டிகிரி காட்டிய நீர் 25 டிகிரியை நெருங்கும்போதுதான் அதைப் பாத்திக்குத் திருப்பலாம். அதற்குள் ஜிப்சம் முன்னதாகவே படிந்து பிரிந்துவிட்டிருக்கும். உப்பு விளைந்த பிறகு மேலே நிற்கும் நீர் 29 டிகிரியைத் தாண்ட விடாமல் வெளியேற்ற வேண்டும். விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மூட்டையிலேயே கசியும். மாமா அந்தக் குழலை எடுத்து நான் பார்த்ததில்லை. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நாளைக்கு மத்தியானம் திறந்து விடலாம்" என்பார். வாரிய உப்பை வரப்பில் வடியவிட்டு, குவித்து, பனையோலை போட்டு மூடுவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் குவியலைக் காசாக்கிவிட்டால்தான் தை வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியும். தலையில் கூடை சுமந்து உப்பை வரப்பேற்றிய பெண்களுக்கு மாமாவும் ஆண்களைவிடக் குறைந்த கூலிதான் கொடுத்தார். சிறு உற்பத்தியாளர் என்பதற்காக அவரைக் குற்றமே இல்லாதவராக எழுதிவிட எனக்கு மனமில்லை.

அவருடைய உப்பு தலைஞாயிறு, வாய்மேடு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலும், பின்னாளில் வாடகை வேனிலும் போகும். அறுப்புக் காலத்தில் நெல்லுக்கு உப்பை அளந்து போட்ட காலம் என் நினைவிலேயே இருக்கிறது. மளிகைக்கடை வாசலில் இரவிலும் கேட்பாரற்றுக் கிடந்த உப்பு மூட்டைகளில் பல அவருடையவை.

வெள்ளையாகவே நின்ற உப்பு

2008 அக்டோபரில் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. உலக அயோடின் குறைபாட்டு நாளையொட்டி, மாணவர்கள் வீட்டு உப்பைச் சோதித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பெட்டிக்குள் சிறு சிறு குப்பிகளில் ஒரு கரைசலும், நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டையும் இருந்தன. உப்பின் மேல் இரண்டு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமும் ஊதாவுமாக மாறும். எவ்வளவு அடர்ந்த நிறமோ அவ்வளவு அயோடின். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மேசைமேல் வரிசையாகப் பரப்பி நான் சொட்டு விட விட, அவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் உப்பு வெள்ளையாகவே நின்றது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் கொண்டுவந்த பொட்டலங்களில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. அவர்களில் ஒரு சிறுமி, தன்னுடைய உப்பு கெட்டுப்போய்விட்டதா என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய அப்பா வாரிய உப்பு அது. கெட்டுப்போகவில்லை, ஆனால் வேறு உப்பு வாங்கச் சொல்லு என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வார இறுதியில் குப்பியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளாக அவர் கலங்கிப் போயிருந்தார். 2006 மே 17 முதல், அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பது நாடு முழுவதும் மீண்டும் தடை செய்யப்பட்டிருந்தது. அவருடைய உப்பை வாங்கும் கடைக்காரர் ஒருவரிடம் அதிகாரி ஒருவர் மாதிரி எடுத்துப் போக, அந்தக் கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்தது. அந்தச் செய்தி பரவியதும் மற்ற கடைக்காரர்களும் ஒவ்வொருவராக மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கருவாட்டுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் விற்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த விலை வேறு. உப்பு அதே உப்புதான். வாய்க்குப் போகிற உப்பு என்ற பெயரை இழந்ததும் அதன் விலை பாதியாகிவிட்டது.

நான் போனது அவருக்குப் பாடம் நடத்துவதற்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திண்ணையில் இரண்டு தட்டுகளை வைத்து, ஒன்றில் அவருடைய கல்லுப்பையும் மற்றொன்றில் அத்தை ரேஷன் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த பாக்கெட் உப்பையும் போட்டு, இரண்டிலும் சொட்டு விட்டேன். பாக்கெட் உப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. மாமாவுடையது வெள்ளையாகவே இருந்தது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கடல் உப்பில் அயோடின் இருக்கிறது என்று சொல்கிறார்களே என்று கேட்டார். கடல்நீரில் இருக்கிறது, ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பதினாறில் ஒரு பங்குதான் என்று சொன்னேன். ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் 35 கிராம். அந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்து சேர்ந்தால்கூட ஒரு கிலோவில் 2 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி, நாம் திறந்துவிடுகிற அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கருவுற்ற பெண்ணுக்கு 250. நாளுக்கு 10 கிராம் கடல் உப்பைத் தின்றாலும் 20 மைக்ரோகிராம்கூடத் தேறாது.

காங்கிரா பள்ளத்தாக்கைப் பற்றியும் சொன்னேன். இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில், இமயமலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பகுதியில், அயோடின் குறைவால் கழுத்து வீங்கும் முன்கழுத்துக் கழலை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. 1956-இல் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு கிடைத்த இரு பகுதிகளிலும் பிள்ளைகளின் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. நாட்டின் கழலைத் தடுப்புத் திட்டம் 1962-இல் தொடங்கியதற்கு அந்த ஆய்வுதான் அடிப்படை. கழலை கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் மட்டுமே. அயோடின் போதாமல் கருவிலிருக்கும் குழந்தைக்குத் தைராய்டுச் சுரப்பு குறைந்தால் மூளை வளர்ச்சியே குன்றிவிடும், அதைப் பின்னால் எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது என்று முடித்தேன்.

மாமா மறுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மறுப்புக்கான பதில்களெல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. அவர் மறுக்கவில்லை. "அப்ப அது மருந்துதானே மாப்ள?" என்றார். ஆமாம் என்றேன். "மருந்துன்னா அத என்கிட்ட குடுக்கச் சொல்லு. எவ்வளவு வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்லு. நான் கலந்துட்டுப் போறேன்."

காலண்டர் தாளின் பின்பக்கம்

நான் கொண்டுபோயிருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. அத்தை கிழித்துக் கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அன்றைய விதிப்படி உற்பத்தி செய்யும் இடத்தில் உப்பில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு அயோடின் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சேரும்போது 15-க்குக் குறையக் கூடாது. அதாவது டன்னுக்கு 30 கிராம். நம் நாட்டில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். ஈரக்காற்றில் அயோடைடைவிட அது நன்றாகத் தாங்கும். அதன் எடையில் ஐந்தில் மூன்று பங்கு அயோடின். ஆகவே டன்னுக்குச் சுமார் 50 கிராம் அயோடேட் போதும். மாமாவின் அளத்தில் நல்ல ஆண்டில் 100 டன் உப்பு விளையும். 100 டன்னுக்கு 5 கிலோ.

"அஞ்சு கிலோவா?" என்று கேட்டார். உரமூட்டையில் பத்தில் ஒரு பங்கு என்று அவரே சொல்லிக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை, ஒரு பையில் போட்டு சைக்கிளில் கொண்டுவந்துவிடலாம். "இந்த அஞ்சு கிலோ இல்லாததுக்கா என் உப்ப வேண்டாங்கறான்?" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, வியப்புதான் இருந்தது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து கிலோவைத் தேடி நான் சில மாதங்கள் அலைந்தேன். ரசாயனக் கடைகளில் கேட்டேன். உணவுத் தரத்திலான அயோடேட் சில்லரையில் கிடைக்காது என்றார்கள். அலுவலகங்களில் கேட்டேன். அங்கே யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. பொறுமையாகவே விளக்கினார்கள். கரைசலைக் கையால் தெளித்து மண்வெட்டியால் புரட்டினால் ஒரு கூடையில் மூன்று மடங்கும் இன்னொரு கூடையில் ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவே கலக்கும் இயந்திரம் வேண்டும். ஒவ்வொரு தொகுப்பிலும் எவ்வளவு அயோடின் ஏறியிருக்கிறது என்று அளக்க ஆய்வகம் வேண்டும். ஈரமான, மக்னீசியம் கலந்த உப்பில் அயோடேட் நிற்காது; ஆகவே உப்பைக் கழுவி உலர்த்த வேண்டும். திறந்த கோணியில் கட்டினால் அது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பயனில்லாமல் போகும்; ஆகவே பிளாஸ்டிக் உறை, அதன்மேல் தொகுப்பு எண், அயோடின் அளவு, தயாரித்தவர் பெயர் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டபோது எதையும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியபோது, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் எந்தக் காலத்திலும் எட்ட முடியாத தொகை வந்தது.

சட்டம் கேட்டது அயோடினை மட்டும்தான். பொடியாக்கச் சொல்லவில்லை, வெளுக்கச் சொல்லவில்லை. கல்லுப்பிலும் அயோடின் கலக்கலாம். அப்படிக் கலந்த கல்லுப்புப் பாக்கெட்டுகள் கடைகளில் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் அயோடினைக் கலந்து, அளந்து, உறையிட்டுக் கொடுக்கும் வசதி யாரிடம் ஏற்கெனவே இருந்ததோ அவர்கள் கையில்தான் உணவு உப்பு முழுவதும் போய்ச் சேர்ந்தது. மாமா போன்றவர்கள் தங்கள் குவியலை அவர்களுக்கு மூலப்பொருளாக விற்கலாம். குவியலில் கிலோ ஒரு ரூபாய்க்கும் குறைவாகப் போன உப்பு பாக்கெட்டில் பத்து ரூபாயை ஒட்டி விற்றது. இடையில் சேர்ந்த அயோடினின் விலையைக் கணக்கிட்டால் கிலோவுக்குச் சில பைசாக்கள்தான். பெரிய நிறுவனங்கள் லாபமடைந்தன என்று தம்பி மகன் சொல்வது இந்த இடத்தில் உண்மை. ஆனால் லாபமடைந்தார்கள் என்பதாலேயே அவர்கள்தான் நோயைக் கற்பித்தார்கள் என்று ஆகிவிடாது. காங்கிராவின் பிள்ளைகளுடைய கழுத்தை யாரும் இட்டுக்கட்டவில்லை.

இதில் என்னை வருத்துவது வேறொன்று. உலர்ந்த, சுத்தமான, மக்னீசியம் குறைந்த உப்பில்தான் அயோடேட் நிற்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்களே, அந்த உப்பை எப்போது பாத்திக்கு விட வேண்டும், எப்போது கசப்பு நீரைத் திறக்க வேண்டும் என்பது மாமாவின் நாக்குக்குத் தெரியும். திட்டத்துக்குத் தேவைப்பட்ட முதல் திறமை அவரிடமே இருந்தது. இல்லாதவை இயந்திரமும் ஆய்வகமும் உறையும். இந்த மூன்றையும் ஆளுக்கு ஆள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நெல் அரைக்க ஊருக்கு ஓர் ஆலை இருந்தது போல, உப்பளப் பகுதிக்கு ஒரு பொதுக் கலவைக்கூடம் இருந்திருந்தால் வண்டியில் ஏற்றிப்போய்க் கலந்து, அளந்து, கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அரசுக்கு இது தெரியாத வேலையும் இல்லை. தமிழ்நாடு உப்புக் கழகம் 1974 முதல் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கிறது. 2014-இல் அம்மா உப்பு என்றும், 2022-இல் நெய்தல் உப்பு என்றும் பாக்கெட்டில் விற்றும் காட்டியது. அரசால் தன் உப்பில் அயோடின் கலக்க முடிந்தது. பக்கத்து அளத்துக்காரரின் உப்பிலும் கலந்து தரலாம் என்ற எண்ணம் ஏன் வரவில்லை என்றுதான் நான் கேட்கிறேன்.

அடுத்த அளத்துக்காரரின் பீப்பாய்

கடன் வாங்கியாவது நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்கலாமே என்று மாமாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் என்னை வரப்பின் வழியே அழைத்துக்கொண்டு போனார். அடுத்த அளத்தின் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாய் கிடந்தது. துரு தின்று ஒரு பக்கம் முழுவதும் ஓட்டையாகியிருந்தது. உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு விரைவில் உளுத்துப்போகும் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள். அது ஓர் அயோடின் கலவைப் பீப்பாய்.

அதன் கதை, சட்டத்தின் கதையும்கூட. 1997 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 1998 மே மாதத்திலிருந்து முதல் தேசியத் தடை வந்தபோது, அந்த அளத்துக்காரர் காலத்துக்கு ஏற்ப மாறிவிட வேண்டும் என்று நினைத்துக் கடன் வாங்கி அதைச் செய்வித்தார். இரண்டு பருவம் ஓட்டினார். 2000 செப்டம்பரில் மத்திய அரசு அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. எந்த உப்பை உண்பது என்பதை மக்களின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று அப்போது சொல்லப்பட்டது. காந்தியவாதிகளும் சுதேசி இயக்கத்தவரும் அதை வரவேற்றார்கள். மாமாவும் அன்று மகிழ்ந்தவர்தான். ஆனால் அடுத்த அளத்துக்காரரின் அயோடின் உப்புக்குக் கிடைத்துவந்த கூடுதல் விலை அந்த மாதமே போய்விட்டது. கடன் மட்டும் நின்றது. அதை அடைக்க அளத்தின் குத்தகையில் ஒரு பங்கைக் கைமாற்றிக் கொடுத்தார். 2006-இல் தடை திரும்பி வந்தபோது, பீப்பாயில் கைவைத்தால் துரு உதிர்ந்தது.

பெரிய ஆலைக்கு இந்தத் தடுமாற்றம் ஒரு பொருட்டில்லை. அவர்கள் தடை இருந்தபோதும் இல்லாதபோதும் அயோடின் உப்பை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். எட்டு ஆண்டுகளில் சட்டம் வந்து, போய், மீண்டும் வந்தபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் நசுங்கியது, சொன்னதை நம்பிச் செலவு செய்த சிறியவர்தான். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்தத் தடை விதியை இயற்ற அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தபோது அளங்களில் மறுபடியும் பேச்சு எழுந்தது. அயோடின் தீங்கானது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாக இன்றும் பலர் பகிர்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. விதி தவறான சட்டத்தின் மேல் நிற்கிறது என்றுதான் சொன்னது. பொது நலன் கருதி ஆறு மாதம் வரை தடை தொடரவும் அனுமதித்தது. அதற்கு அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அதே தடை இடம்பெற்றுவிட்டது. இந்த முறை மாமா மகிழவும் இல்லை, வருந்தவும் இல்லை. அடுத்த அளத்துக்காரர் பீப்பாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்.

வேதாரண்யத்துக்காரர்களிடம் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது 1930-ஐ இழுத்துவிடுவார்கள். அளத்துக்குப் பக்கத்திலேயே உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் நிற்கிறது. அந்த ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்துவந்து உப்பு அள்ளிய மண்ணில், உப்பு விற்பது குற்றமாகிவிட்டதே என்பார்கள். கேட்க உணர்ச்சியாக இருக்கும். ஆனால் இந்த ஒப்புமையை நான் ஏற்பதில்லை. அன்றைய உப்புவரி ஏழையின் கஞ்சியிலிருந்து எடுத்துக் கஜானாவில் போட்டது. இன்றைய விதி ஏழையின் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்க நினைக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால், என் வகுப்பில் வெள்ளையாகவே நின்ற பொட்டலங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

61.9

அப்படிக் கொடுக்க நினைத்தது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், மாமாவின் இழப்பை ஒரு தலைமுறையின் விலையென்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். 2018-19-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட அயோடின் கணக்கெடுப்பின் முடிவுகளைப் படித்தபோது அந்தத் தேறுதலும் போய்விட்டது. தேவையான அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களிலும் அதுதான் மிகக் குறைவு. கடலே இல்லாத, உப்பு முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டிய ஜம்மு காஷ்மீர் கிட்டத்தட்ட நூறைத் தொட்டிருந்தது. தமிழ்நாட்டுக்கு அடுத்தபடியாகக் கீழே இருந்தவை ஆந்திரம், ராஜஸ்தான், ஒடிசா. இவை எல்லாமே உப்பு விளைகிற மாநிலங்கள்.

இதை நான் புரிந்துகொள்ளும் விதம் இதுதான். தொலைவிலிருக்கும் ஊருக்கு உப்பு பாக்கெட்டில்தான் போகும். பாக்கெட்டில் அயோடின் இருக்கும். உப்பு விளைகிற இடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு உப்பு குவியலிலிருந்து நேரே போகிறது. தொழில் உபயோகத்துக்கு என்று சொல்லி ஏற்றிய மூட்டை வழியில் இறங்கும். கூலியோடு சேர்த்து இரண்டு படி உப்பு வீட்டுக்குப் போகும். அதை எந்த அதிகாரியாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அந்தக் குவியலிலேயே மருந்து கலந்திருந்தால் அந்த வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். உற்பத்தியாளரைத் திட்டத்துக்கு உள்ளே கொண்டுவராமல் வெளியே நிறுத்தியதால், அவர் தன் விலையை இழந்தார். அவருடைய உப்பை உண்கிற பிள்ளை தன் அயோடினை இழந்தது. உப்பு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்ட அந்தச் சிறுமிக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. அவள் வீட்டில் இன்னும் அளத்து உப்புதான்.

பந்தியில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். அக்கா மகளிடம், நீ சொல்லும் அறிவியல் முழுக்க உண்மை, ஆனால் அதைக் கொண்டு சேர்க்கும் வழியில் உப்பு விளைவிக்கிறவனைக் குற்றவாளியாக்கினால் அது உன் நோயாளிக்கே போய்ச் சேராது என்று சொல்லியிருக்க வேண்டும். தம்பி மகனிடம், உன் கோபத்தை அயோடின்மேல் காட்டாதே, அந்த ஐந்து கிலோவைக் கேட்டவருக்குக் கொடுக்காதவர்களிடம் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யத்து அளங்களில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் சாம்பல் நிறத்தில் ஒரே வெளியாகக் கிடந்தது. மாமாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்காமல், தை பிறந்ததும் ஆள் வைத்துச் சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்கி, இரண்டு ஏக்கரை மட்டும் மீட்டார். அதுதான் அவர் அளத்தில் இறங்கிய கடைசிப் பருவம். ஆடி மாதத்தில் நான் போனபோது வரப்பில் குவித்திருந்த உப்பு வழக்கத்தைவிடச் சிறியதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஐஸ் கம்பெனிக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார். எவ்வளவு தேறும் என்று கேட்டேன். குவியலை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த வருசம் அறுபது டன்தான் மாப்ள. மூணு கிலோ போதும்."